பாலக்காடு போன்ற சிறு நகரத்தில் குடிநீர் எப்படிச் சுத்திகரிக்கப்படுகிறது? குழாய் நீரை நம்பிக் குடிக்கலாமா?

பாலக்காட்டில் வாழும் தமிழர்களுள் நானும் ஒருத்தி. நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பணியாற்றிய அனுபவத்தைக் கொண்டு இதற்கு விடை எழுதுகிறேன். சுத்திகரிப்பு நிலையத்தை விட்டு வெளியேறும் நீரைக் குறித்து எனக்குப் பெரிய கவலை இல்லை. அங்கிருந்து நம் வீட்டுக் குழாய்வரை அது வந்து சேரும் வழியைக் குறித்தே கவலை.

இந்நகருக்கு நீர் தருவது மலம்புழை அணை. பாலக்காடு சென்னை மாநிலத்தோடு இருந்த காலத்தில், பாரதப்புழையோடு சேரும் சிற்றாறு ஒன்றின் குறுக்கே, முதன்மையாகப் பாசனத்துக்கென்று கட்டப்பட்டு, காமராசர் முதலமைச்சராக இருந்த 1955-இல் அது திறக்கப்பட்டது.

அணை நீரில் மிதக்கும் களிமண் துகள்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை என்பதால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு, நாள்கணக்கில் காத்திருந்தாலும் அடியில் படியாமல் நிற்கும். படிகாரத்தைக் கரைத்து விடும்போது அந்த மின்னூட்டம் தணிந்து, துகள்கள் ஒட்டித் திரண்டு, எடை கூடிப் படிகின்றன. எவ்வளவு படிகாரம் என்பதற்கு நிலையான அளவு கிடையாது. ஒரே நீரைப் பல குடுவைகளில் எடுத்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு கலந்து, எதில் திரள் நன்றாக இறங்கித் தெளிகிறது என்று பார்த்தே முடிவு செய்வார்கள். தென்மேற்குப் பருவமழையில் கலங்கல் ஏறும் நாள்களில் இந்தச் சோதனையை அடிக்கடி செய்யவேண்டியிருக்கும். மலையிலிருந்து வரும் மென்னீரில் காரத்தன்மை குறைவு. படிகாரம் அதை மேலும் குறைத்துவிடும் என்பதால் தேவைக்கேற்பச் சுண்ணாம்பும் சேர்ப்பதுண்டு.

தெளிந்த நீர் மணல் வடிகட்டிகளில் இறங்குகிறது. மணலில் அழுக்கு அடைத்ததும் கீழிருந்து மேலாக நீரைச் செலுத்திக் கழுவுவார்கள். குடிநீரின் கலங்கல் 1 என்.டி.யூ.வுக்குள் (என்.டி.யூ. என்பது கலங்கலை அளக்கும் அலகு) இருக்கவேண்டும் என்று இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 கேட்பது கண்ணுக்கு அழகாகத் தெரியவேண்டும் என்பதற்காக மட்டும் அன்று. கலங்கல் துகள்களுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியைக் குளோரின் எளிதில் எட்டாது.

குளோரின் கலந்தபின் ஏறத்தாழ அரைமணி நேரம் அது நீரோடு இருக்கவேண்டும். அதன்பின்னும் வீட்டுக் குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்கவேண்டும். வழியில் ஏதேனும் கிருமி புகுந்தால் அதை எதிர்ப்பது இந்த எச்சம்தான். குளோரின் வாடை அடிக்கிறது என்று முறையிடுபவர்களிடம், வாடை அறவே இல்லாத நாளில்தான் விசாரியுங்கள் என்று சொல்லிவருகிறேன்.

நம் நகரங்கள் பலவற்றில் நீர் நாள் முழுவதும் வருவதில்லை. வால்வை மூடியதும் குழாயில் அழுத்தம் குறைகிறது. சாக்கடையை ஒட்டிச் செல்லும் பழைய குழாயில் கசிவு இருந்தால், வெளியே கசிந்த அதே ஓட்டை வழியாக அழுக்கு நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. இணைப்புக் குழாயில் நேரடியாக மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுபவர்கள் தங்கள் தெரு முழுவதற்கும் இந்த ஆபத்தைக் கூட்டுகிறார்கள். அது விதிமீறல் மட்டுமல்ல, அண்டை வீட்டுக் குழந்தைக்குச் செய்யும் கேடு என்றே நான் கருதுகிறேன். ஆகையால் நீர் வரத் தொடங்கியதும் முதலில் வருவதைச் செடிகளுக்கு விடுங்கள். மூடியில்லாத, ஆண்டுக்கணக்கில் கழுவாத கீழ்த்தொட்டியில் தேங்கும் நீரில் குளோரினும் தீர்ந்துவிடும் என்பதால், தொட்டியைத் தேய்த்துக் கழுவி மூடிவையுங்கள். குடிக்கும் நீரை நன்கு கொதிக்கவைத்து ஆறவிடுங்கள்.

சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குத் தனியாக ஒன்று சொல்லவேண்டும். கிழக்குப் பாலக்காட்டின் ஆழ்துளைக் கிணறுகள் சிலவற்றில் ஃப்ளூரைடு, அனுமதிக்கப்பட்ட உச்ச அளவான லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டுகிறது. பளிங்குபோல் தெளிந்திருப்பதாலும் சுவை மாறாததாலும் யாரும் சந்தேகிப்பதில்லை. கொதிக்கவைத்தால் ஃப்ளூரைடு போகாது. நீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு சற்றே கூடும். குழந்தைகளின் பற்களில் வெண்திட்டுகளோ பழுப்புக் கறையோ தெரிந்தால், கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். ஃப்ளூரைடு மிகுந்திருப்பது உறுதியானால் அந்தக் கிணற்றைத் துவைக்கவும் கழுவவும் வைத்துக்கொண்டு, குடிக்கவும் சமைக்கவும் ஆற்றிலிருந்தோ அணையிலிருந்தோ வரும் குழாய் நீரையே பயன்படுத்துங்கள்.