அப்பா இறந்து 14 மாதம். அம்மா மலை இறங்க மறுக்கிறார்

கேள்வி: நாங்கள் ஏற்காட்டில் இருக்கிறோம். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோகும்போது மலைப்பாதையிலேயே உயிர் போய்விட்டது. பக்கத்தில் இருந்தது அம்மா. அவருக்கு 62 வயது. அதன்பின் ஒருமுறைகூட அவர் கீழே இறங்கவில்லை; சேலத்தில் நடந்த தம்பி மகள் கல்யாணத்துக்கும் வரவில்லை. தினமும் காலையில் அப்பா படத்துக்கு முன்னால் ஒரு டம்ளர் காப்பி வைக்கிறார். சர்க்கரை மாத்திரையை நினைத்தால் போடுகிறார். "அவரோடவே நானும் போயிருக்கணும்" என்கிறார். சொந்தக்காரர்களோ, "தலைத் திவசமே முடிஞ்சிருச்சு, இன்னும் என்ன அழுகை?" என்கிறார்கள். மனநல ஆலோசனை தேவையா? அங்கே என்ன செய்வார்கள்?

பதில்: அம்மா சொல்லும் அந்த வார்த்தையை முதலில் கவனியுங்கள். துணையை இழந்த பலர் ஏக்கத்தில் இப்படிச் சொல்வதுண்டு. இது ஏக்கமா, சாகும் எண்ணமா என்பது கேட்டால்தான் தெரியும். இன்றைக்கே, தனியாக உட்காரவைத்து, "சாகணும்னு தோணுதாம்மா? எப்படின்னு ஏதாவது யோசிச்சு வெச்சிருக்கியா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. வழி எதையாவது யோசித்து வைத்திருந்தால் தனியே விடாதீர்கள். மாத்திரைகளையும் தோட்டத்துப் பூச்சிமருந்தையும் வீட்டிலிருந்து அப்புறப்படுத்தி, அன்றே மனநல மருத்துவரிடம் பேசுங்கள். 14416 என்ற அரசின் 'டெலிமானஸ்' மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம்.

காப்பி டம்ளரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அமாவாசைக்குப் படையல் போடும் குடும்பங்களில் அது நோயல்ல. இறந்தவரோடு உறவு வேறு வடிவில் தொடர்வது இயல்பு என்றே இன்றைய துயர ஆலோசனையும் பார்க்கிறது. அவர் எதை வைத்துக்கொள்கிறார் என்பதைவிட, எதன் பக்கமே போக முடியவில்லை என்பதுதான் முக்கியம். உங்கள் அம்மாவுக்கு அது அந்தப் பாதை.

உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாட்டில் 'நீடித்த துயரக் கோளாறு' இடம்பெற்றிருக்கிறது. இறந்து 6 மாதத்துக்கு மேலாகியும் ஏக்கமோ நினைவோ விடாமல் பிடித்து, அன்றாட வாழ்வை முடக்கி, அந்தச் சமூகத்தின் வழக்கத்தையும் மீறியிருந்தால் அது இந்த நிலையாக இருக்கலாம். 2022இல் வந்த அமெரிக்க வகைப்பாடு பெரியவர்களுக்கு 12 மாதம் என்கிறது. அழுகையை மட்டும் வைத்து யாரும் இதை முடிவு செய்வதில்லை. மாத்திரை தவறுவதும் சுபகாரியத்தைத் தவிர்ப்பதும் 14 மாதமும் சேர்ந்திருப்பதால், நிபுணர் பார்க்க வேண்டும் என்றே சொல்வேன்.

இதற்கென்றே கேத்தரின் ஷியர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் உருவாக்கிய சிகிச்சை பெரும்பாலும் வாரம் ஒன்றாக 16 அமர்வுகள் நடக்கும். முதல் சில அமர்வுகளில் கணவரைப் பற்றியும் அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றியும் பேசுவார்கள். துயரம் எப்போது கூடியது, எப்போது குறைந்தது என்று தினமும் குறித்துவரச் சொல்வார்கள். பிறகுதான் கடினமான பகுதி. கண்ணை மூடி, அந்த நாளை இப்போது நடப்பதுபோல் சில நிமிடங்கள் சொல்ல வேண்டும். நடுநடுவே வேதனை எவ்வளவு என்று 0 முதல் 100 வரை மதிப்பெண் கேட்பார்கள். சொன்னதைப் பதிவு செய்து வீட்டில் தினமும் கேட்கச் சொல்வார்கள். திரும்பத் திரும்பக் கேட்கக் கேட்க, "நான் இன்னும் சீக்கிரம் கிளம்பியிருந்தால்" என்ற குற்றவுணர்வைத் தள்ளி நின்று பார்க்க முடியும். இதை வீட்டில் நீங்களாகச் செய்யாதீர்கள். பாதியில் அழுகை முற்றும்போது "விடும்மா" என்று நிறுத்திவிட்டால், அந்த நினைவைத் தாங்கவே முடியாது என்பது மனதில் இன்னும் உறுதிப்படும்.

பாதைக்கும் இதே முறைதான். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரே நாளில் கடக்கச் சொல்லக் கூடாது. முதலில் பேருந்து நிலையத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம். அது பழகியதும் முதல் வளைவுவரை காரில் போய், வண்டியை ஓரம்கட்டி, பயம் ஓரளவாவது இறங்கும்வரை இருந்து திரும்பலாம். பிறகு பாதி வழி. அப்பா இறந்த இடத்தை ஆலோசகர் சொல்லும் கட்டத்தில் மட்டும் தொடுங்கள். பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான்: பயம் உச்சத்தில் இருக்கும்போது வண்டியைத் திருப்பிவிடுவார்கள், தப்பித்த நிம்மதி அடுத்த முறை பயத்தைக் கூட்டிவிடும். இன்னொரு தவறு, கல்யாணம், காதுகுத்து என்று சாக்குச் சொல்லி ஏமாற்றிக் கூட்டிப்போவது. அவர் சம்மதித்த படியை மட்டும் ஏறுங்கள்.

மனச்சோர்வு மாத்திரை துயரத்தை நேரடியாகக் குறைக்காது. சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரையை வைத்து ஷியர் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சையோடு மாத்திரை சேர்த்தபோது மனச்சோர்வு குறைந்தது. துயரத்தில் கூடுதல் பலன் தெரியவில்லை. தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார். சர்க்கரை மாத்திரையை இன்று முதல் நீங்களே கையில் கொடுங்கள். ரத்தச் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள்.

தன் சாவைப் பற்றி அம்மா பேசினால், "அபசகுனமாப் பேசாதே" என்று வாயை அடைக்காதீர்கள். யார் பக்கத்தில் இருக்க வேண்டும், எங்கே சிகிச்சை வேண்டும், பத்திரங்கள் எங்கே என்று அவர் சொல்வதை எழுதிவையுங்கள். ஆலோசகரும் இதைக் கேட்கக்கூடும்.

கீழே இறங்க மறுப்பவரை முதல் நாளே சேலத்துக்கு அழைக்க முடியாது. முதல் சில அமர்வுகளை வீடியோ அழைப்பில் நடத்த முடியுமா என்று கேளுங்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு உண்டா, இறப்புத் துயரத்துக்குச் சிகிச்சை தந்திருக்கிறாரா என்பதையும் விசாரியுங்கள். செலவு கட்டுப்படியாகாவிட்டால், அதே பெரியாஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு முதலில் நீங்கள் மட்டும் போய் நிலைமையைச் சொல்லி வழி கேட்கலாம்.