ஹார்பரா, போர்ட்டா? படகுக்காரத் தம்பியின் சந்தேகம்

கேள்வி: நிலாவெளியில் வெளிநாட்டுக்காரரைப் படகில் ஏற்றி இறக்குகிறேன். "நாளைக்கு உங்களை போர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போறன்" என்று இங்கிலீஷில் சொன்னேன். "பாஸ்போர்ட் வேணுமா?" என்று கேட்டார் ஒருவர். அகராதியைப் பார்த்தால் ஹார்பர், போர்ட் இரண்டும் துறைமுகம். பீச், கோஸ்ட், ஷோர் மூன்றும் கடற்கரை. எதை எங்கே சொல்வது?

பதில்: அவர் நக்கலடிக்கவில்லை, தம்பி. போர்ட் என்றதும் அவருக்கு ஜெட்டி, கிரேன், சுங்கம், வாசலில் காவலாளி எல்லாம் ஞாபகம் வந்திருக்கும். சாமான் ஏற்றி இறக்குகிற, ஆட்கள் வந்துபோகிற இடம் போர்ட். அதனால்தான் கடலே இல்லாத கட்டுநாயக்கவிலும் ஏர்போர்ட் இருக்கிறது. ஏர்ஹார்பர் என்று ஒருவரும் சொல்வதில்லை.

ஹார்பர் என்பது காற்றுக்கும் அலைக்கும் ஒதுங்கிக் கிடக்கிற தண்ணீர். ஒருவருக்கு ஒளிந்துகொள்ள இடம் கொடுப்பதையும் இங்கிலீஷில் ஹார்பர் என்றே சொல்வார்கள். அடைக்கலம் என்ற கருத்து அந்தச் சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது. நம்மூர் திருகோணமலையையே பாருங்கள். கொட்டியாரக் குடா கிழக்கே வாய் திறந்து கிடக்கிறது, அது பே. அதற்கு வடக்கே மலைகளுக்கு நடுவில் மடிபோல உள்வாங்கியிருப்பது இன்னர் ஹார்பர். திருகோணமலையை 'நேச்சுரல் ஹார்பர்' என்பது அதற்காகத்தான். இயற்கை ஒதுக்கிடம் தரும், கிரேன் தராது. ஆகவே 'நேச்சுரல் போர்ட்' என்று சொன்னால் இங்கிலீஷ் காதுக்கு இடிக்கும்.

அடுத்தது கடற்கரை. துவாயை விரித்துப் படுக்கிற மணல் பீச். கோஸ்ட்டுக்கு மணல் தேவையில்லை. பாறை, சேறு, ஊர், தெரு எல்லாம் சேர்ந்த நீண்ட கடலோரம் அது, வரைபடத்தில் விரல் வைத்து இழுக்கிற அளவு. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன. முதல் நாள் இரவே இங்கிருந்து வெளியேறியிருந்த ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்தன. அதை இங்கிலீஷில் எழுதுகிறவர்கள் 'ஆஃப் த கோஸ்ட்' என்பார்கள். பீச் என்று எழுதினால், குளிக்கப் போனவர் கப்பலைத் தொட்டுவிட்டு வரலாம் என்று அர்த்தமாகிவிடும்!

ஷோர் உங்கள் தொழிலுக்கு வேண்டிய சொல். தண்ணீரும் தரையும் தொடுகிற விளிம்பு அது. பெரும்பாலும் தண்ணீரில் இருப்பவன் கண்ணால் பார்த்துச் சொல்வது. புறாமலைத் தீவிலிருந்து திரும்பும்போது எஞ்சின் மக்கர் பண்ணினால் "கோஸ்ட்டுக்குப் போவோம்" என்று சொல்லாதீர்கள், ஷோர் என்று சொல்லுங்கள். கந்தளாய்க் குளத்துக்கும் ஷோர் உண்டு, கோஸ்ட் கிடையாது. மகாவலிக்கு இரண்டும் சரிவராது. ஆற்றங்கரை என்றால் பேங்க்தான். காசு போடுகிற பேங்க்கும் இதே எழுத்துத்தான், மிரளவேண்டாம்.

முன்னால் வைக்கிற சின்னச் சொல்லையும் கவனியுங்கள். பீச்சுக்கும் கோஸ்ட்டுக்கும் 'ஒன்'. கப்பல் நிற்பது 'இன் த ஹார்பர்', ஏனென்றால் அது தண்ணீருக்குள் நிற்கிறது. அந்தப் பயணியிடம் நாளைக்கு 'ஐ வில் ஷோ யூ த ஹார்பர்' என்று சொல்லிப் பாருங்கள். கமராவும் தொப்பியும் போதுமா என்றுதான் கேட்பார்.