கணக்கு வாத்தியாரைக் கேளுங்க

கேள்வி: சார், என் பொண்ணு எட்டாவது படிக்கிறா. ஸ்கூல்லயே வச்ச மேத்ஸ் ஒலிம்பியாட்ல கோல்டு மெடல் வாங்கிட்டா. அதுலருந்து ஒரு கோச்சிங் சென்டர்ல போன் மேல போன். ரெண்டு வருஷ பேக்கேஜ்ல சேத்துட்டா இன்டர்நேஷனல் ஒலிம்பியாடே போயிடலாமாம். நகையை வச்சாவது சேத்துடலாமா?
- ஒரு அம்மா, திண்டுக்கல்

பதில்: நகை பீரோவுலயே இருக்கட்டும்மா. பாப்பாவுக்கு என் வாழ்த்து, மெடலை நான் குறைச்சு சொல்லல, ஆனா ஒலிம்பியாட்ங்கிற பேரை யாரு வேணா வச்சுக்கலாம், ஸ்கூல் ஸ்கூலா வந்து பீஸ் வாங்கிட்டு நடத்துற பரிட்சைல பாதி நம்ம பாடபுத்தகக் கணக்குதான், கொஞ்சம் வேகமா போடணும் அவ்வளவுதான். நாட்டு டீமுக்குப் போற பாதை வேற. மொதல்ல ஐஓக்யூஎம்ங்கிற தகுதித் தேர்வு, அதுல தேறுனா ஆர்எம்ஓங்கிற வட்டார அளவு ஒலிம்பியாட், அப்புறம் ஐஎன்எம்ஓங்கிற தேசிய அளவு ஒலிம்பியாட், அப்புறம் டிரெயினிங் கேம்ப், கடைசில நாடு முழுக்கச் சேத்து ஆறே ஆறு பேரு. மும்பைல இருக்கிற ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம்தான் இதுக்கெல்லாம் பொறுப்பு. 1989லருந்து இன்டர்நேஷனல் ஒலிம்பியாடுக்கு இந்தியா போயிட்டிருக்கு, 2024ல இங்கிலாந்து பாத் நகரத்துல நம்ம பசங்க நாலு தங்கம் வாங்கி நாலாவது இடம் வந்தாங்க.

வித்தியாசம் என்னன்னா, ஒண்ணு சொல்றேன். நான் வேலைல இருந்தப்ப ஒன்பதாவது கிளாஸுக்கு ஒரு கடலைமிட்டாய் பாரைக் கொண்டுபோனேன். 6க்கு 4, மொத்தம் 24 கட்டம். ஒரு தடவைக்கு ஒரு துண்டை எடுத்து கோடு வழியா நேரா உடைக்கலாம், ரெண்டு துண்டை அடுக்கி வச்சு உடைக்கக்கூடாது. 24 துண்டாக்க குறைஞ்சது எத்தனை தடவை உடைக்கணும்னு கேட்டேன். எப்பவும் சென்டம் வாங்குற பையன் உடனே கோட்டை எண்ணி 5ம் 3ம் எட்டுன்னான். இன்னொருத்தி மொதல்ல பாதியா உடைச்சா சீக்கிரம் முடியும்னா, இல்ல பட்டை பட்டையா உடைக்கணும்னு பக்கத்துல சண்டை. கால் மணி நேரம் கழிச்சு கடைசி பெஞ்ச்லருந்து ஒருத்தன், "சார், எப்படி உடைச்சாலும் ஒரு தடவைக்கு ஒரு துண்டுதானே சார் கூடுது?"ன்னான். முடிஞ்சது! ஒண்ணுல ஆரம்பிச்சு 24க்குப் போக 23, எந்த வழில போனாலும் 23தான். பார்முலா எதுவும் இல்ல. நான் பாடம் நடத்தி அவனுக்கு வரல, சும்மா உட்கார்ந்து பாத்ததுல வந்தது. ஒலிம்பியாட் கேக்குறது இதைத்தான்.

இப்போதைக்கு சென்னைல இருக்கிற இந்திய கணித ஆசிரியர் சங்கம் நடத்துற என்எம்டிசிங்கிற கணிதத் திறன் போட்டியை எழுதச் சொல்லுங்க, ஏழாவது எட்டாவதுக்கு கணித மேதை கப்ரேக்கர் பேர்ல வப்பாங்க (அவரும் தேவ்லாலில ஸ்கூல் வாத்தியாரா இருந்தவருதான், எனக்கு அதுல ஒரு பெருமை). கோச்சிங்கே வேணாம்னு சொல்லல, ஆசை பாப்பாவுக்கு வந்தப்புறம் பாத்துக்கலாம்.

கேள்வி: ஒன்பதாவது படிக்கிறேன். கணக்குல எப்பவும் 95க்கு மேலதான். ஆனா பழைய ஐஓக்யூஎம் பேப்பர் எடுத்துப் போட்டா 30ல நாலுதான் வந்துச்சு. நான் மக்கா சார்?
- ஒரு மாணவன், தஞ்சாவூர்

பதில்: தம்பி, நாலு வந்துச்சுல்ல, அப்புறம் என்ன. பேப்பர் அமைப்பே அப்படி, 3 மணி நேரம், 100 மார்க், பத்து கேள்விக்கு ரெண்டு ரெண்டு மார்க், பத்துக்கு மூணு, பத்துக்கு அஞ்சு. விடை எல்லாமே 00லருந்து 99க்குள்ள ஒரு எண், ஆப்ஷன் கிடையாது, அதனால கண்ணை மூடி ஷேடு பண்ற வேலை செல்லாது. ஸ்கூல்ல ஒரு கணக்குக்கு அஞ்சு நிமிஷம் தாண்டுனா தெரியலன்னு அர்த்தம், இங்க ஒரு மணி நேரம் முட்டிக்கிட்டு நின்னாலும் அது நார்மல். எண்ணியல், ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா, எண்ணிக்கைக் கணக்கு இதுதான் சரக்கு, கால்குலஸ் வேணாம். தப்பான 26ல ஒண்ணை மட்டும் எடுத்து மூணு நாள் வச்சுக்கோ, பஸ்ல போறப்ப யோசி, சொல்யூஷன் வீடியோ பக்கம் மட்டும் போயிடாத. ஆர்எம்ஓ போனா விடை மட்டும் பத்தாது, ஏன் அப்படின்னு வரி வரியா எழுதணும், அதுக்கு இப்பவே ஒரு நோட்டு போட்டுடு.

கேள்வி: இதெல்லாம் எழுதுனா நீட்டுக்கு யூஸ் ஆகுமா?
- ஒரு அப்பா, ஈரோடு

பதில்: ஆகாதுங்க. ஆனா கணக்கையே படிக்கணும்னா சென்னை பக்கம் சிறுசேரில சிஎம்ஐன்னு கணிதத்துக்கான உயர்கல்வி நிறுவனம் இருக்கு, ஐஎன்எம்ஓவுல நல்லா பண்ணவங்களுக்கு என்ட்ரன்ஸ் இல்லாமலே சீட் குடுத்திருக்காங்க.

கேள்வி: எங்க கிராமத்துல கோச்சிங்கும் இல்ல ஒண்ணும் இல்ல. ஆறாவது படிக்கிற பேரனுக்கு நானே ஏதாவது சொல்லிக்கொடுக்க முடியுமா? நான் படிச்சது எட்டாவது வரைக்கும்தான்.
- ஒரு தாத்தா, சிவகங்கை பக்கம்

பதில்: அய்யா, வீட்ல மாசக் காலண்டர் மாட்டிருக்கீங்களா? அது போதும். சென்னைல பி.கே.சீனிவாசன்னு ஒரு கணக்கு ஆசிரியர் இருந்தாரு, ராயபுரத்துல ராமானுஜன் பேர்ல மியூசியம் வச்சவரு, காலண்டரை வச்சே பசங்களுக்கு அவ்வளவு கணக்கு காட்டுவாரு. 3க்கு 3ன்னு ஒன்பது தேதியை கட்டம் போடச் சொல்லுங்க. நடுவுல 16 வந்தா நீங்க கூட்டவே வேணாம், ஒன்பதால பெருக்கி 144ன்னு சொல்லிடுங்க. பேரன் 8, 9, 10லருந்து 24 வரைக்கும் ஒவ்வொண்ணா கூட்டிப் பாத்துட்டு உங்களை ஒரு பார்வை பாப்பான். அப்புறம் சின்ன கட்டம், மேல 9, 10, கீழ 16, 17. குறுக்கால பெருக்குனா 9ம் 17ம் 153, 10ம் 16ம் 160, வித்தியாசம் 7. வேற நாலு தேதில போடச் சொல்லுங்க, வேற மாசத்துல போடச் சொல்லுங்க, அப்பவும் 7. ஏன்னு கேப்பான். உங்களுக்குத் தெரிஞ்சாலும் ஒரு வாரத்துக்கு தெரியாதுன்னே சொல்லுங்க.