சமாளிப்பதற்கு அது என்ன வெள்ளமா?

கேள்வி: வெளிநாட்டுக்கு வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. அடுத்த மாதம் நிறுவனத்தின் ஆண்டு விருந்து. அழைப்பிதழில் 'பிளாக் டை' என்று போட்டிருக்கிறார்கள். என்னிடம் கறுப்பு டை ஒன்று இருக்கிறது, போதுமா? இங்கே யாரையும் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. எப்படிச் சமாளிப்பது?

பதில்: போதாது. 'பிளாக் டை' என்றால் இடுப்பு வரை தொங்கும் டை இல்லை, கழுத்தோடு நிற்கும் கறுப்பு 'போ டை'. காலர் மடிப்பில் பளபளப்புத் துணி வைத்த டின்னர் ஜாக்கெட், வெள்ளைச் சட்டை, பக்கவாட்டில் பட்டை ஓடும் கறுப்பு பேன்ட், கறுப்பு ஷூ, எல்லாம் அந்த இரண்டு சொல்லுக்குள் அடக்கம்.

சரி, இப்போது 'சமாளிப்பது' என்ற சொல்லுக்கு வருகிறேன். அதன் மேல் எனக்குப் பழைய கோபம் உண்டு. பரீட்சைக்குப் படிக்காதவன் சமாளிக்கிறான். கடன் கொடுத்தவர் கதவைத் தட்டினால் சமாளிக்கிறோம். வாசலுக்கு வெள்ளம் வந்தால் சமாளித்துத்தான் ஆக வேண்டும். உங்களை மதித்து ஒருவர் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார், அதையுமா சமாளிப்பது? சமாளிக்கப் போகிறவன் தெரியாததை மறைக்கப் பார்க்கிறான். எந்த முள்கரண்டியை எடுப்பது என்று தெரியாமல் பக்கத்து நாற்காலிக்காரரையே பார்த்துக்கொண்டிருப்பான். அவரும் இவனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று வந்தவராக இருந்தால்? இரண்டு பேரும் பசியோடு வீடு திரும்ப வேண்டியதுதான். (வெளிப்பக்கம் இருப்பதிலிருந்து தொடங்கி உள்ளே வாருங்கள். அவ்வளவுதான் விஷயம்.)

சொந்த ஊரில் கிளம்பும்போது, "காலர் மடங்கியிருக்கு பாரு" என்று சொல்ல வீட்டில் யாராவது இருப்பார்கள். வெளிநாட்டில் இருப்பவருக்குக் குறைவது அந்த ஒரு குரல்தான். அதனால்தான் கேளுங்கள் என்கிறேன். கேட்பதற்கு வழியும் அந்த அழைப்பிதழிலேயே இருக்கும், கீழே பாருங்கள்: ஆர்.எஸ்.வி.பி. பிரெஞ்சில் 'தயவுசெய்து பதில் தாருங்கள்' என்று அர்த்தம். பதிலே போடாமல் போய் நிற்பவர்களைப் பற்றி இந்தப் பக்கத்தில் முன்பும் கோபப்பட்டிருக்கிறேன், இனியும் படுவேன். எங்கோ ஒருவர் நாற்காலி எண்ணிக்கொண்டு காத்திருக்கிறார் ஐயா!

அந்தப் பதிலிலேயே, "எங்கள் நாட்டு உடையில் வரலாமா?" என்றும் ஒரு வரி எழுதுங்கள். ஸ்டாக்ஹோமில் நடக்கும் நோபல் பரிசு விழாவுக்கு 'ஒயிட் டை', அதாவது இதைவிடக் கண்டிப்பான வால் கோட்டு. அங்கேயே தேசிய உடைக்கு இடம் உண்டு. 2019 டிசம்பர் 10 அன்று, இந்தியாவில் பிறந்த பொருளாதார அறிஞர் அபிஜித் பானர்ஜி வேட்டியிலும், அவரோடு பரிசைப் பகிர்ந்துகொண்ட மனைவி எஸ்தர் டுஃப்லோ சேலையிலும் வந்து பரிசு வாங்கினார்கள். டுஃப்லோ பிரான்சில் பிறந்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல ஆசை.

கோட்டுதான் என்று முடிவானால் வாடகைக்கு எடுங்கள். வாடகை உடை கௌரவக் குறைச்சல் என்று ஒரு வாசகர் என்னோடு நான்கு கடிதம் சண்டை போட்டார். நான் அசையவில்லை. இரண்டு பெட்டியோடு வீடு மாறிக்கொண்டிருப்பவர், வருடத்தில் ஒரு ராத்திரி போடும் கோட்டை வாங்கி எங்கே தொங்கவிடுவார்? இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே போய்விடுங்கள், திருத்தித் தர அவர்களுக்கு நாள் வேண்டும். விருந்துக்குப் போடப்போகும் ஷூவோடு போனால்தான் பேன்ட்டின் உயரம் சரியாக வரும். ஷூ புதிது என்றால் ஒரு வாரம் வீட்டுக்குள் போட்டு நடங்கள்.

அப்புறம், போ டை முடிச்சு ஒன்றும் புதிதில்லை, ஷூ லேஸ் முடிச்சேதான். கண்ணாடி முன்னால் கை குழம்பும். முதலில் நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலுக்கு மேலே தொடையில் கட்டிப் பழகுங்கள். கை பழகிய பிறகு கழுத்துக்குக் கொண்டுபோகலாம். ஆனால் இன்று முதல் வேலையாக அந்தப் பதிலை அனுப்பிவிடுங்கள்.