தமிழில் சொல்லி எழுத மென்பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டாம்

வாயால் சொல்லச் சொல்லக் கணினி எழுதிக்கொள்ளும் வசதியைப் பற்றி வன்னியின் பல பக்கங்களிலிருந்தும் கேட்டிருக்கிறீர்கள். எதை வாங்குவது, எதை வாங்காமல் விடுவது என்பதுதான் பெரும்பாலான கேள்விகள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

எங்கள் பாடசாலையின் வரலாற்றை எழுத ஆசைப்படுகிறேன். எனக்கு ரைப் பண்ணத் தெரியாது. வவுனியாவில் ஒரு கடையில், தமிழில் சொன்னால் எழுதும் டிராகன் என்ற மென்பொருள் இருக்கிறது, 18,500 ரூபா என்கிறார்கள். வாங்கலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியை, மல்லாவி)

வாங்காதீர்கள், டீச்சர். டிராகன் நல்ல மென்பொருள்தான். நிறுத்தாமல் தொடர்ந்து பேசினாலும் எழுதிக்கொள்ளும் அதன் பதிப்பு 1997இல் வந்தது. அதைச் செய்துவந்த நியூவான்ஸ் நிறுவனத்தை 2022இல் மைக்ரோசொஃப்ட் வாங்கிக்கொண்டது. ஆங்கிலத்தில் நீண்ட அறிக்கை எழுதுகிற வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் அதைப் பாவிக்கிறார்கள். ஆனால் அதற்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜேர்மன் என்று ஒருசில மொழிகளோடு சரி.

விலையையும் யோசித்துப் பாருங்கள். அதன் தொழில்முறைப் பதிப்புக்கு நிறுவனம் போட்ட விலை 699 அமெரிக்க டொலர். டொலரை 300 ரூபா என்று வைத்தாலே இரண்டு இலட்சத்தைத் தாண்டுகிறது. அதை 18,500 ரூபாவுக்கு ஒருவர் தருகிறார் என்றால், அது பூட்டு உடைத்த களவுப் பிரதியாகத்தான் இருக்கும். கூடவே வைரசும் வந்து சேரலாம்.

உங்களுக்குத் தேவையானது இலவசமாகவே கிடைக்கிறது. இணைய இணைப்போடு, குரோம் உலாவியில் கூகுள் டொக்ஸ் என்ற எழுதும் பக்கத்தைத் திறந்து, மேலே டூல்ஸ் என்ற இடத்தில் வொய்ஸ் டைப்பிங்கைத் தெரிவு செய்யுங்கள். இடது பக்கத்தில் ஒரு மைக் படம் வரும். அதற்கு மேலே உள்ள மொழிப் பட்டியலில் தமிழ் நான்கு முறை இருக்கும்: இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா. இலங்கையைத் தெரிவு செய்து, மைக்கை அழுத்திவிட்டுப் பேசத் தொடங்குங்கள். 2017இல் கூகுளின் குரல் அறியும் மொழிகளில் தமிழ் சேர்ந்ததிலிருந்து இது நன்றாக முன்னேறியிருக்கிறது. இடையில் வேறு பக்கத்தைத் திறந்தால் மைக் நின்றுவிடும். திரும்பி வந்து மறுபடி அழுத்த வேண்டும்.

என்ன எதிர்பார்க்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முற்றுப்புள்ளியும் காற்புள்ளியும் தமிழில் சொல்லி வராது. அந்த வசதி ஆங்கிலம் உட்படச் சில மொழிகளுக்குத்தான் இருக்கிறது. அவற்றைக் கையால்தான் போட வேண்டும். ற, ர மாறும். ல, ள, ழ மாறும். ஒற்று மிகும் இடங்களில் மிகாமல் வரும். வீட்டில் கதைக்கிற மாதிரி "பிள்ளையள் எல்லாரும் வந்திட்டினம்" என்று சொன்னால் அது தடுமாறும். "பிள்ளைகள் எல்லோரும் வந்துவிட்டார்கள்" என்று, வகுப்பில் வாசித்துக் காட்டுவது போலச் சொல்லுங்கள். உங்களுக்கு அது கை வந்த கலை. துணுக்காய், பாண்டியன்குளம் போன்ற ஊர்ப்பெயர்கள் பிழையாக வந்தால் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம். கடைசியில் கொன்ட்ரோல் விசையோடு எச் விசையை அழுத்தி, பிழையான வடிவத்தை ஒருமுறையும் சரியானதை ஒருமுறையும் கொடுத்தால் எல்லா இடத்திலும் ஒரேயடியாக மாறும்.

ஒரு பந்தி சொல்லுங்கள், நிறுத்துங்கள், திருத்துங்கள். அப்புறம் அடுத்த பந்தி. ஒரே மூச்சில் பத்துப் பக்கம் சொல்லிவிட்டு அடுத்த நாள் திருத்த உட்கார்ந்தால், நீங்கள் சொன்னது என்ன என்று உங்களுக்கே விளங்காத வரிகள் இருக்கும்.

விண்டோஸிலேயே இந்த வசதி இருக்கிறதாமே? (மாணவர், பரந்தன்)

இருக்கிறது. விண்டோஸ் 11இல் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்த பிறகு, விண்டோஸ் விசையையும் எச் விசையையும் சேர்த்து அழுத்தினால் சிறிய மைக் பெட்டி ஒன்று வரும். எந்த மென்பொருளில் எழுதிக்கொண்டிருந்தாலும் வரும் என்பது இதன் நன்மை. இதற்கும் இணைய இணைப்பு வேண்டும். உங்கள் கணினி விண்டோஸ் 10 என்றால் கூகுள் டொக்ஸே போதும். இதற்காக மட்டும் புதுக் கணினி வாங்க வேண்டாம்.

நான் சொல்வது ஒன்று, அது எழுதுவது இன்னொன்று. லப்டொப்பில் இருக்கிற மைக்தான். கூடிய விலைக்கு மைக் வாங்க வேண்டுமா? (கடை நடத்துபவர், புதுக்குடியிருப்பு)

காசு செலவழிக்க வேண்டிய இடம் இதுதான், ஆனால் பெரிய காசு தேவையில்லை. லப்டொப்பின் மைக் உங்கள் வாயிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி தூரத்தில் இருக்கிறது. மின்விசிறியின் சத்தமும், வீதியில் போகும் லான்ட்மாஸ்டரின் சத்தமும், உங்கள் குரலும் அதற்கு ஒரே அளவில்தான் கேட்கும். தகரக் கூரை என்றால் மழை தொடங்கியதும் ஒன்றுமே செய்ய முடியாது. தலையில் மாட்டும் ஹெட்செட்டில் மைக் வாய்க்குப் பக்கத்தில் நிற்கிறது. பாதிப் பிழைகளுக்கு மருந்து அதுவே.

யூஎஸ்பி முனை உள்ள சாதாரண ஹெட்செட் எடுங்கள். வட்ட முனை உள்ளது மலிவு, ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இப்போதைய லப்டொப்களில் ஒரே ஒரு துளைதான். இரண்டு முனை உள்ள ஹெட்செட்டை வாங்கினால் இரண்டையும் ஒன்றாக்கும் சிறிய இணைப்பியும் தேவை. அதைக் கடைக்காரர் சொல்லாமல் விட்டால், மைக் வேலை செய்யவில்லை என்று நீங்கள் திரும்பப் போக வேண்டியிருக்கும். புளூடூத் வேண்டாம். மைக்கைத் திறந்ததும் பல புளூடூத் ஹெட்செட்களில் ஒலித்தரம் தொலைபேசி அழைப்பின் அளவுக்கு இறங்கிவிடும்.

மாட்டும்போது மைக்கை வாய்க்கு நேரே வைக்காதீர்கள். உதட்டின் ஓரத்தில், இரண்டு விரல் இடைவெளி விட்டு, கன்னத்தோடு ஒட்டாமல் நிற்கட்டும். நேரே வைத்தால் "ப" சொல்லும்போது மூச்சு அடித்துச் சொல்லே கெட்டுப்போகும். அப்புறம் விண்டோஸின் ஒலி அமைப்பில் இன்புட் என்ற இடத்தில் புதிய மைக்தான் தெரிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கணினி இன்னும் பழைய மைக்கையே கேட்டுக்கொண்டிருக்கும் வீடுகள் நிறைய. கடையில் வாங்கும்போது அங்கேயே மாட்டி, ஒரு பந்தி சொல்லிப் பார்த்துவிட்டு, பற்றுச்சீட்டோடு வாருங்கள்.

அண்ணாவுக்கு இறுதி யுத்தத்தில் வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. ஒரு சங்கத்தின் கணக்கும் கடிதங்களும் அவர்தான் பார்க்கிறார். இடது கையால் மட்டும் ரைப் பண்ணி இப்போது தோளும் மணிக்கட்டும் நோகிறது. அவருக்கு இது உதவுமா? (தங்கை, விசுவமடு)

உதவும், தங்கச்சி. உங்கள் கடிதத்துக்காகத்தான் இந்தப் பகுதியையே எழுத உட்கார்ந்தேன். வன்னியில் இந்த நிலையில் இருப்பவர்கள் ஒருவர் இருவர் அல்ல. கணினி வகுப்பு நடத்தும் இடங்கள் இதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இலவசமான வசதி, யாரும் சொல்லாததால் பலருக்குத் தெரியாமலே கிடக்கிறது.

கடிதங்களையும் கூட்டக் குறிப்புகளையும் அவர் வாயால் சொல்லட்டும். திருத்தமும் நிறுத்தற்குறிகளும் மட்டும் இடது கைக்கு. கூகுள் டொக்ஸில் மைக்கைத் திறக்கவும் மூடவும் கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ் ஆகிய மூன்றும் சேர்த்து. மூன்றுமே விசைப்பலகையின் இடது பக்கத்தில் இருக்கின்றன, ஒரு கையால் எட்டும். எட்டச் சிரமமாக இருந்தால் ஷிஃப்ட் விசையைத் தொடர்ந்து ஐந்து முறை தட்டச் சொல்லுங்கள். ஸ்டிக்கி கீஸ் என்ற வசதியைத் திறக்கவா என்று விண்டோஸ் கேட்கும். ஆம் என்றால், சேர்த்து அழுத்த வேண்டிய விசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினாலே போதும். பல ஆண்டுகளாக விண்டோஸில் இருக்கும் வசதி இது. ஒரு கையால் வேலை செய்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறு இல்லை. மவுசை இடது பக்கம் வைத்து, அமைப்பில் இரண்டு பொத்தான்களையும் மாற்றிவிடுங்கள்.

விண்டோஸ் 11இல் வொய்ஸ் அக்சஸ் என்று ஒன்று இருக்கிறது. கோப்பைத் திற, மூடு, கீழே போ என்று கணினி முழுவதையும் குரலால் நடத்தலாம். அது தமிழில் இல்லை. கட்டளைகளை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். சிறு சிறு சொற்கள்தான், பழகிவிடலாம். நிறுவிய பின் இணையம் இல்லாமலும் அது வேலை செய்யும்.

கணக்கைப் பற்றி: தொகைகளைக் குரலால் போட வேண்டாம். எண்கள் சில நேரம் இலக்கமாகவும் சில நேரம் எழுத்தாகவும் வரும். காசு விஷயத்தில் ஒரு பூச்சியம் தவறினால் பழி அண்ணாவின் தலையில் விழும். அதற்குத் தனி எண்பலகை ஒன்று, யூஎஸ்பியில் மாட்டுவது, இடது பக்கம் வைத்துக்கொள்ளட்டும். தொண்டையையும் கவனிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும், கரகரப்பு வந்தால் நிறுத்த வேண்டும். முதல் சில நாள் கையால் எழுதுவதைவிட மெதுவாகத்தான் போகும். அதைப் பார்த்து அவர் விட்டுவிடாமல் பக்கத்தில் இருங்கள்.

எங்கள் பக்கம் சிக்னல் இருந்தால் இருக்கும், போனால் போனதுதான். இணையம் இல்லாமல் தமிழில் எழுத வழி இருக்கிறதா? ஊர்ப் பெரியவர்கள் பழைய கதைகள் சொன்ன ஒலிப்பதிவுகளும் இருக்கின்றன. (ஒட்டுசுட்டான்)

டேட்டா பெரிதாகச் செலவாகாது என்பதை முதலில் சொல்கிறேன். பேச்சை அறியப் பொதுவாகப் பாவிக்கும் 16 கிலோஹேர்ட்ஸ் ஒலியைச் சுருக்காமல் அனுப்பினாலும் ஒரு மணித்தியாலத்துக்கு 115 எம்பி அளவுதான். ஆனால் சிக்னல் அறுந்தால் சொல்லும் அறுந்துவிடும்.

இணையம் இல்லாமல் என்றால், பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் என்ற மென்பொருள் இருக்கிறது. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 செப்டெம்பரில் இலவசமாக வெளியிட்டது. தமிழும் தெரியும். ஒருமுறை தரவிறக்கினால் எல்லா வேலையும் உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கும். பல அளவுகளில் வருகிறது. சிறியது கிட்டத்தட்ட அரை ஜிபி, தமிழுக்கு அது காணாது. பெரியது 3 ஜிபி வரும். தமிழில் பயன் தருவது அதுதான். ஆனால் கிராபிக்ஸ் கார்ட் இல்லாத சாதாரண லப்டொப்பில் அது ஊர்ந்துதான் போகும். ஒரு மணித்தியாலப் பதிவை இரவில் போட்டுவிட்டுக் காலையில் பார்க்கலாம். பேசப் பேச எழுதுவதற்கு இது சரிவராது, பதிவு செய்த ஒலியை எழுத்தாக்கவே ஏற்றது.

பெரியவர்களின் பதிவு என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பேச்சில்லாத இடங்களில், யாரும் சொல்லாத வரிகளை விஸ்பர் தானாக எழுதிவிடும். இது எல்லோருக்கும் தெரிந்த குறை. ஒரு முதியவர் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், அவர் சொல்லாத வசனம் ஒன்று அவர் பெயரில் ஏறிவிடும். எழுத்து வந்ததும் ஒலியைப் போட்டு, வரி வரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். மூல ஒலியை ஒருபோதும் அழிக்காதீர்கள். இரண்டு இடத்தில் வைத்திருங்கள்.

கணினி இல்லை, ஃபோன் மட்டும்தான். காணுமா? (வெள்ளாங்குளம்)

காணும். கூகுளின் ஜிபோர்ட் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து மைக்கை அழுத்துங்கள். ஃபோனில் கூகுள் டொக்ஸிலேயே சொல்லிவைத்தால், பிறகு எந்தக் கணினியிலும் அதே கணக்கைத் திறந்து திருத்தலாம். சொந்தக் கணினி இல்லை என்றால் வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேற மறக்க வேண்டாம். இன்னொன்று, இந்த வழியில் உங்கள் குரல் வெளியே நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது. மற்றவர்களின் அடையாள அட்டை இலக்கம், நோய் விபரம், வழக்கு விபரம் ஆகியவற்றை இதில் சொல்லாதீர்கள்.

நான் ஏற்கெனவே "தமிழ் குரல் மென்பொருள்" என்று ஒன்றை வாங்கிவிட்டேன். தமிழ் வரவே இல்லை. காசைத் திருப்பிக் கேட்டால் "மென்பொருள் திருப்பி எடுப்பதில்லை" என்கிறார்கள். (கிளிநொச்சி)

அது கடைக்காரர் வைத்திருக்கும் சட்டம். நாட்டில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. இல்லாத ஒன்றை இருக்கிறது என்று சொல்லி விற்பது அதன்படி பிழை. முதலில் பற்றுச்சீட்டோடு கடைக்குப் போய், "இதில் தமிழில் ஒரு வரி எழுத வைத்துக் காட்டுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். கோபப்பட வேண்டாம். அவர்களால் காட்ட முடியாது. பெரும்பாலும் அங்கேயே பேச்சு மாறும்.

மாறாவிட்டால் அந்த அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விபரம் கேளுங்கள். முறைப்பாட்டை எழுத்தில், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பற்றுச்சீட்டின் பிரதி, கடையின் விளம்பரம் அல்லது வட்ஸ்அப்பில் "தமிழ் வரும்" என்று அவர்கள் சொன்ன செய்தி, இவற்றை இணையுங்கள். பற்றுச்சீட்டு தரவில்லை என்றால் இப்போதாவது கேளுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது விற்பவரின் கடமை. அந்த மென்பொருளைக் கணினியிலிருந்து நீக்கி, வைரஸ் சோதனையும் செய்துவிடுங்கள்.

கோவில் விழா மலருக்குக் கட்டுரைகளைக் குரலால் எழுதி வைத்தேன். அச்சகத்தில் பாமினியில் தாருங்கள் என்கிறார்கள். (நெடுங்கேணி)

குரலால் வருவது எல்லாம் யுனிகோட், அதாவது இப்போது கணினிகளும் ஃபோன்களும் பொதுவாகப் பாவிக்கும் எழுத்துமுறை. பாமினி பழைய முறையில் அமைந்த தமிழ் எழுத்துரு. பாமினிக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உண்டு, ஒட்டினால் மாற்றித் தரும். ஆனால் கட்டுரைக்குள் இருக்கும் ஆங்கிலச் சொற்களை மாற்றுவதற்கு முன் தனியாகக் குறித்து வையுங்கள். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழை வைத்திருக்கிறது. ஆங்கிலத்தின் சின்ன "எம்" அங்கே "அ" ஆகிவிடும். நன்கொடையாளரின் மின்னஞ்சல் முகவரி ஒன்று இருந்தால், அது அச்சில் பொருளில்லாத தமிழ் எழுத்துகளாக வந்து நிற்கும். மாற்றிய பிறகு ஒரு பக்கத்தை அச்சகத்தின் கணினியிலேயே திறந்து பார்த்துவிட்டு மிச்சத்தைக் கொடுங்கள். யுனிகோட்டிலேயே பக்கம் அமைக்க முடியுமா என்றும் கேளுங்கள். பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனின் புதிய பதிப்பு வைத்திருந்தால் முடியும், மாற்ற வேண்டிய தேவையே வராது.