மெழுகுவர்த்தியிலிருந்து தொடங்கலாம்

அன்புள்ள ஐயா,

ஊட்டிப் பக்கம் எமரால்டு என்ற ஊரில் இருக்கிறேன். மேட்டுப்பாளையம் மண்டிக்கு காரட் ஏற்றி அனுப்பும் ஒருவரிடம் கணக்கு எழுதுகிறேன். பிளஸ் டூவில் வணிகவியல். அறிவியல் படிக்கும் ஆசையில், காலத்தைப் பற்றி ஹாக்கிங் எழுதிய புத்தகத்தை வாங்கினேன். இரண்டு தடவை முயன்றும் மூன்றாவது அத்தியாயத்தைத் தாண்ட முடியவில்லை. என் போன்றவர்கள் எங்கே தொடங்குவது? ஊட்டிக்குப் போகும்போதெல்லாம் முத்தோரையில் மலைச்சரிவில் நிற்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பார்க்கிறேன். அதைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஹாக்கிங்கை மூடி வைத்ததற்கு வருத்தப்படாதீர்கள். அதில் வரும் எதையும் நாம் தொட்டுப் பார்க்க முடியாது. வீட்டில் கிடக்கும் பொருளை வைத்தே சரிபார்க்க முடிகிற புத்தகங்களை முதலில் படியுங்கள்.

முதலில் மைக்கேல் ஃபாரடேயின் 'ஒரு மெழுகுவர்த்தியின் வேதியியல் வரலாறு'. லண்டனில் 1860 கிறிஸ்துமஸ் விடுமுறையையொட்டிச் சிறுவர்களுக்காக அவர் ஆற்றிய ஆறு உரைகள், 1861இல் நூலாயின. ஆங்கில மூலம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பேச்சு நடை என்பதால் மிரட்டாது. ஃபாரடே அதிகம் பள்ளிக்கூடம் போனவரல்ல. சிறுவயதில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கே வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியலுக்குள் நுழைந்தவர். வணிகவியல் படித்தோமே என்று தயங்கும் உங்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்.

போன ஆடி மழையில் கரண்ட் போன ஒரு ராத்திரி, அதிலுள்ள ஒரு சோதனையை நானும் மகளும் செய்து பார்த்தோம். மெழுகுவர்த்தியை மெல்ல ஊதி அணைத்தால் திரியிலிருந்து வெள்ளைப் புகை நூல் போல எழும். எரியும் தீக்குச்சியைத் திரியில் வைக்காமல், இரண்டு விரற்கடை மேலே அந்தப் புகையில் காட்டினோம். நெருப்பு புகை வழியாகவே இறங்கி ஓடித் திரியைப் பற்றிக்கொண்டது. எரிவது மெழுகின் ஆவிதான் என்பது அந்த நொடியில் எனக்கு உறைத்தது. தீப்பெட்டி காலியாகும்வரை மகள் விடவில்லை.

அடுத்தது டார்வின். பரிணாமம் பற்றிய பெரிய நூல் இருக்கட்டும். 1881இல் வந்த அவரது கடைசிப் புத்தகம் மண்புழுவைப் பற்றியது. காரட் தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் உங்களுக்கு அதுதான் பொருத்தம். மண்புழுவுக்குக் காது கேட்குமா என்று பார்க்க, மகனை பசூன் என்ற குழல்வாத்தியம் ஊதச் சொல்கிறார். பக்கத்தில் பியானோவும் வாசிக்கப்படுகிறது. புழுக்கள் அசையவே இல்லை. தொட்டியைப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு சுரத்தைத் தட்டியதும் சட்டென்று வளைக்குள் போய்விட்டன. காது கேட்காது, அதிர்வு தெரியும். எவ்வளவு பொறுமை பாருங்கள்!

தமிழிலேயே படிக்க, ரஷ்ய எழுத்தாளர் பெரல்மானின் 'பொழுதுபோக்கு பௌதிகம்' இருக்கிறது. சோவியத் காலத்துப் பதிப்பு பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள். அதைப் படித்தால், ஊட்டியில் குக்கர் இல்லாமல் பருப்பு ஏன் லேசில் வேகாது என்பது மாதிரிக் கேள்விகள் தானாக எழும். (இந்த உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது.) அப்புறம், பறவை, விலங்குகளைப் பற்றி மா. கிருஷ்ணன் எழுதிய 'மழைக்காலமும் குயிலோசையும்'. அந்தத் தமிழுக்காகவே படிக்கலாம்.

சரி, முத்தோரைக்கு வருகிறேன். வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப்பின் குழு கட்டிய அந்தத் தொலைநோக்கி 1970இல் இயங்கத் தொடங்கியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். வானத்துப் பொருள்களிலிருந்து வரும் ரேடியோ அலைகளை வாங்குகிறது. அதைச் சமதரையில் கட்டாமல் சரிவில் கட்டியதற்குக் காரணம் உண்டு. அந்தச் சரிவு ஏறக்குறைய 11 டிகிரி. ஊட்டியின் அட்சரேகையும் அதேதான். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிடுகிறது. பூமி சுழல்வதற்கு ஈடாக அந்த ஒரே அச்சில் திருப்பிக்கொண்டே போனால், ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் விடாமல் பின்தொடரலாம். தொலைநோக்கியைத் தாங்கும் சட்டகங்கள் மொத்தம் 24. அடுத்த முறை பஸ்ஸில் போகும்போது, அவை வடக்கு தெற்காக வரிசையாகச் சரிவில் ஏறுவதைக் கவனியுங்கள்.