வைட்டமின் டி ஏறினால் முடக்குவாத மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: ருமட்டாய்டு முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறேன். ரத்தத்தில் வைட்டமின் டி 14 தான் இருக்கிறதாம். அதைச் சரிசெய்தால் மாத்திரையை விட்டுவிடலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: விடக் கூடாது. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 14 நானோகிராம் என்பது குறைவுதான். 20-க்கு மேலாவது இருக்க வேண்டும். எலும்புக்காகவே அதைச் சரிசெய்யலாம். ஆனால் மூட்டைத் தாக்கும் நோயை அது அடக்காது.

வைட்டமின் டிக்கும் எதிர்ப்பு சக்திக்கும் தொடர்பு உண்டு. ‘இது நம் உடம்பு, தாக்காதே’ என்று மற்ற செல்களை அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்தும் டி (T) செல்கள் என்ற வெள்ளையணுக்கள் பெருக அந்த வைட்டமின் உதவுகிறது; அழற்சியைத் தூண்டும் டிஎச்17 (Th17) என்ற வெள்ளையணுக்களைக் குறைக்கிறது. அமெரிக்காவில் சுமார் 26,000 பேரிடம் நடந்த ‘வைட்டல்’ ஆய்வில், தினம் 2,000 யூனிட் வீதம் 5 ஆண்டுகளுக்கு மேல் எடுத்தவர்களுக்குத் தன்னெதிர்ப்பு நோய்கள் (எதிர்ப்பு சக்தி நம் உடம்பையே தாக்கும் நோய்கள்; ருமட்டாய்டு முடக்குவாதமும் அதில் ஒன்று) 22 சதவீதம் குறைவாக வந்தன (2022). கவனியுங்கள், அது நோய் வராமல் தடுப்பது பற்றியது. வந்த நோயைக் குணப்படுத்துவது பற்றியதல்ல.

குறைவைச் சரிசெய்ய, பொதுவாக 60,000 யூனிட் வைட்டமின் டி மருந்தை வாரம் ஒன்றாக 8 வாரம் எழுதித் தருவார்கள். கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தால் நன்றாக உடம்பில் சேரும். தவறு நடப்பது இங்கேதான்: வாரம் ஒன்றைத் தினம் ஒன்றாகச் சாப்பிட்டுவிடுகிறார்கள். கால்சியம் ஏறி, தீராத தாகம், வாந்தி, மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர் என்று ஆரம்பித்து சிறுநீரகப் பாதிப்பில் போய் நிற்கும். அட்டையில் கிழமையை எழுதிவையுங்கள். மெத்தோட்ரெக்ஸேட்டும் வாரம் ஒருமுறைதான் என்பதால், இரண்டுக்கும் வெவ்வேறு கிழமை வைத்தால் குழப்பம் குறையும். 3 மாதம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை.